ஒரு மீட்டர் காடாவில் கலம்காரி

கலம்காரி எழுத ஆசையா? துணி எடுக்கக் கடைக்குப் போகும் முன்பே மைப்பானையை வைத்துவிடுங்கள். மை பக்குவமாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். கால் கிலோ துருப்பிடித்த ஆணி, 100 கிராம் வெல்லம் அல்லது கருப்பட்டி, 2 லிட்டர் தண்ணீர். மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டினால் போதும். புளிக்கும்போது காற்று வெளியேற வேண்டும், இறுக மூடாதீர்கள். வாடை வரும், கொல்லைப்புறமே அதற்குச் சரியான இடம்.

சாயமேறாத காடாத் துணி ஒரு மீட்டர் வாங்கி, கஞ்சி போக இரவெல்லாம் ஊறவைத்து வெந்நீரில் அலசுங்கள். 100 கிராம் கடுக்காய்த் தூள், அரை லிட்டர் காய்ச்சாத எருமைப்பால், அதே அளவு தண்ணீர் கலந்து துணியை முக்குங்கள். எல்லா இடமும் நனைந்து ஊறியதும் ஒரே சீராகப் பிழிந்து வெயிலில் விரித்துக் காயவையுங்கள். பாதிப் பேர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால்தான் கறுப்பு பிறக்கும். பாலின் கொழுப்புதான் மையைக் கசியவிடாமல் கோட்டுக்குள் நிறுத்தும். கொழுப்பு எடுத்த பாக்கெட் பால் இதற்கு உதவாது.

பேனாவை நீங்களே செய்துகொள்ளலாம். மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளித் துணியைச் சுற்றி நூலால் கட்டுங்கள். முக்கினால் துணி மையைக் குடித்துக்கொள்ளும். விரலால் அழுத்தும் அளவுக்கு முனையில் இறங்கும். மசூலிப்பட்டினத்தில் மரக்கட்டையால் அச்சிடுவார்கள். காளஹஸ்தியில் எல்லாம் கைக்கோடுதான். அரியலூர் மாவட்டத்துக் கருப்பூரிலும் தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கோயிலில் தொங்கவிடும் உருளைவடிவத் தொம்பையும் குடையும் எழுதுவது இந்த வழியில்தான்.

புளியங்குச்சிக் கரியால் லேசாக வரைந்துகொண்டு, வடிகட்டிய மையால் அதன்மேல் எழுதுங்கள். முதலில் துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: சட்டென்று கறுத்தால் மை தயார், பழுப்பாகவே நின்றால் இன்னும் சில நாள் ஆகும். மை மிஞ்சினாலும் ஆபத்து. அதிக இரும்பு நூலை அரிக்கும். பழைய துணிகள் பலவற்றில் கறுப்புக் கோடுகள் மட்டும் இற்றுப்போயிருப்பது இதனால்தான்.

கோடு காய்ந்ததும் நிறையத் தண்ணீரில் அலசிக் காயவைத்துச் சிவப்புக்கு வாருங்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைப் பூசவேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது. சாயச் சாறு ஒரு துளி கலந்தால் எங்கே பூசினோம் என்று புரியும். ஒரு நாள் விட்டு, ஓடும் நீரில் அலசி, மஞ்சிட்டிப் பொடி கரைத்த நீரில் எவர்சில்வர் பாத்திரத்தில் மெல்லச் சூடேற்றுங்கள். இரும்புச் சட்டி சிவப்பை மங்கடித்துவிடும். தளதளவென்று கொதித்தால் நிறம் பழுப்புக்கு ஓடும். படிகாரம் பட்ட இடம் சிவக்கும். மற்ற இடத்தில் ஒட்டும் இளஞ்சிவப்பு, அலசி வெயிலில் போடப் போட வெளுக்கும்.

மஞ்சள் கடைசியில். மாதுளைத் தோலைக் காய்ச்சி, சிட்டிகை படிகாரம் சேர்த்துத் தூரிகையால் தீட்டுங்கள். அவுரி நீலத்துக்குத் தனித்தொட்டியே வேண்டும். முதல் துணிக்கு அது வேண்டாம்.