பழைய ஹெரால்டு

சென்னைக்கு மேற்கே பாடி முதல் ஆவடி வரையுள்ள ஊர்கள் இயந்திரத் தொழிலால் வளர்ந்தவை. மோட்டார் வண்டிகளுக்குரிய மின்கருவிகளைச் செய்யும் லூக்காஸ் டி.வி.எஸ். நிறுவனம் 1961இல் தொடங்கப்பெற்றுப் பாடியில் நிலைபெற்றது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் 1960களில் எழுந்ததே. ஆதலின், இப்பகுதியில் பழைய கார் ஒன்றை வீட்டுக் கொட்டகையிலே வைத்துச் செப்பனிட விரும்புவோர், கடைசல் பட்டறையையும் வெல்டிங் பட்டறையையும் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

அங்ஙனம் செப்பனிடுதற்கு மிக ஏற்றது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் கார். இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த இவ்வண்டியைச் சென்னையை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை அமைத்திருந்த ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் நம் நாட்டில் விற்கத் தொடங்கிற்று. அதன் அமைப்புக்குப் பின்னே ஒரு கதை உண்டு. இங்கிலாந்து நிறுவனத்துக்கு வண்டியின் மேற்கூட்டைச் செய்து கொடுத்து வந்த ஆலையை 1953இல் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது. முழுக்கூட்டையும் ஒரே வார்ப்பாகச் செய்து தருவார் இல்லாமற் போகவே, கூட்டைப் பல துண்டுகளாகச் செய்வித்து, இரும்புச் சட்டத்தின்மீது போல்ட்டுகளால் முடுக்கினர். அன்று இடர்ப்பாட்டால் நேர்ந்த இவ்வமைப்பே இன்று செப்பனிடுவோர்க்குப் பெருந்துணை. முன்பக்கத் தகடு முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் கண்முன் நிற்கும். போல்ட்டுகளைக் கழற்றினால் மேற்கூட்டை நான்கைந்து பேர் கூடித் தூக்கிவிடலாம்.

ஆனால் புறத்தோற்றத்தைக் கண்டு ஏமாறலாகாது. பளபளக்கும் பெயிண்டின் கீழே சட்டத்தின் பக்கக் கைகள் துருவால் அரிக்கப்பட்டிருக்கக்கூடும். சிறு சுத்தியால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும். அத்தகைய பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகடு பற்றவைத்தல் வேண்டும்; மாவு பூசி மறைத்தல் தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். வண்டியைத் தூக்கியபின் ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் புகுவது உயிரோடு விளையாடுவது. உறுதியான தாங்கிகளை முட்டுக் கொடுத்த பின்னரே குனிய வேண்டும்.

நெடுநாள் ஓடாத எஞ்சினை அவசரப்பட்டு முடுக்குதல் தீது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் சிறிது எண்ணெய் விட்டு, சில நாள் கழித்துக் கையால் மெல்லத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். பெட்ரோல் தொட்டியிற் பிசினாகிக் கிடக்கும் பழைய எரிநெய்யை வெளியேற்றுதலும் இன்றியமையாதது. பிரேக் நெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும்; அதனால் குழாய்களும் உருளைகளும் உட்புறமாகத் துருவேறும். எஞ்சின் ஓடுவதற்கு முன்னரே பிரேக்கைச் செப்பனிட்டு முடிப்பது அறிவுடையோர் வழக்கம். கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் கூடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாதது. ஆள் அறியாமலே உயிரைப் பறிக்கும்.

மீண்டும் மேற்கூட்டைப் பூட்டுங்கால்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. கூட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகியும் நீக்கியும், கதவின் இடுக்கு மேலும் கீழும் ஒரே அளவாகும்வரை போல்ட்டுகளைத் தளர்த்தி இறுக்குவர். ஒரு கதவு நேரானால் மற்றொன்று விலகும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் வேலை அன்று அது.