பிரசவ வலி: கிளம்ப வேண்டிய நேரம் எது?

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியன்றே குழந்தை பிறப்பது நூற்றில் நான்கைந்து பேருக்குத்தான். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்பது ஒரு கணக்கு, அவ்வளவே. அதனால் 36 வாரம் முடிவதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்த இத்தனை வருடத்தில், பை எடுத்து வைக்காததால் யாரும் ஆபத்தில் சிக்கி நான் பார்த்ததில்லை. துவைத்த பழைய பருத்திப் புடவை, வேட்டித் துண்டு, நாப்கின், போன் சார்ஜர். மறந்தால் யாராவது கொண்டுவந்து தருவார்கள். கிளம்பலாமா வேண்டாமா என்று யோசித்தே நேரத்தைத் தொலைத்தவர்கள்தான் அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் நிலைக்கதவைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். "சூட்டு வலிதான் நர்சம்மா, இதைக் குடிச்சா அடங்கிடும்" என்று அவள் அம்மா மூன்றாவது டம்ளர் சீரகத் தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தார். வயிற்றில் கை வைத்தேன். கல்லாக இறுகியது, தளர்ந்தது, நாலாவது நிமிடம் மறுபடி இறுகியது. அப்பாவோ வாசலில், "ஆறு மணி ஆகட்டும்மா, ராகு காலம் போகட்டும்" என்றார். குழந்தை 108 வண்டியிலேயே பிறந்தது. தாயும் சேயும் நலம். அந்த வீட்டில் யாருக்கும் அக்கறை குறைவில்லை. ஆனால் எந்த அறிகுறி வந்தால் கிளம்புவது என்று முன்கூட்டியே பேசி வைக்கவில்லை, அதுதான் குறை.

ஆகவே முதல் வேலை, வயிற்றைப் பார்க்கப் பழகுவது. சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வரும். தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பிரசவ வலி பெரும்பாலும் இடுப்பின் பின்புறம் தொடங்கி அடிவயிற்றுக்கு வரும். நடந்தாலும் படுத்தாலும் விடாது. இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு வலியும் முந்தையதைவிட நீளும்.

இந்த இடைவெளியை எண்ணுவதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை எண்ணுகிறார்கள். அப்படி எண்ணக் கூடாது. ஒன்று தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை எண்ண வேண்டும். பெண்ணின் முகத்தைப் பார்த்தும் எண்ணாதீர்கள். சிலர் சத்தமே போடமாட்டார்கள், சிலர் முதல் வலிக்கே கத்துவார்கள். மேல்வயிற்றில் உள்ளங்கையை லேசாக வையுங்கள், அழுத்த வேண்டாம். இறுகத் தொடங்கும் நேரத்தையும் தளரும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். போனில் அதற்கென்று செயலி இருக்கிறது. எனக்குத் தாளும் பேனாவும்தான். போனைப் பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரசவமா? ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிப்பது, இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்புங்கள். இரண்டாவது பிரசவம் சட்டென்று முடியும், ஆஸ்பத்திரி தூரமென்றாலும் வழியில் என்ன ஆகுமோ. இந்த இரண்டுக்கும் பத்து நிமிட இடைவெளியிலேயே வண்டி ஏறிவிடுங்கள். முன்பு சிசேரியன் ஆனவர் வலி தொடங்கியதுமே போக வேண்டும், எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது.

எண்ணவே கூடாத நேரங்களும் உண்டு. வலியே இல்லாமல் பனிக்குடம் உடைந்தால் உடனே கிளம்புங்கள். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மாதவிடாய் போல ரத்தம் போனாலும், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும், கடும் தலைவலியோடு கண் மங்கினாலும், வலிப்பு வந்தாலும், 37 வாரம் ஆகுமுன் விட்டு விட்டு வலித்தாலும் அப்படியே. சளி போன்ற திரவத்தில் கொஞ்சம் ரத்தம் கலந்து வருவது மட்டும் பிரசவம் நெருங்குவதன் அடையாளம், பதற வேண்டாம்.

இந்த அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் எழுதி பீரோக் கதவில் ஒட்டுங்கள். கீழே ஒரே ஒரு வரி: "இதில் ஒன்று வந்தாலும் யாரையும் கேட்க வேண்டாம், கிளம்பு." மாமியாரும் அப்பாவும் அதைப் படித்துத் தலையாட்டியிருக்க வேண்டும். கணவர் திருப்பூரிலோ துபாயிலோ இருந்தால் அவருக்கும் படம் அனுப்புங்கள். நல்ல நேரம் பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் அந்தப் பேச்சை இப்போதே முடித்துவிடுங்கள். வலி வந்தபின் அதைப் பேச யாருக்கும் தெம்பிருக்காது.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்தவர்கள் அந்த வாரமே உள்ளூர் நர்ஸைப் பாருங்கள். தாய் சேய் நல அட்டை, கர்ப்பப் பதிவின் 12 இலக்க ஆர்.சி.எச். எண், ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகைச் சீட்டு, ஆதார் எல்லாம் ஒரே மஞ்சப்பையில். துணிப்பையோடு கலக்கவே கூடாது. துணிப்பை வார்டுக்குப் போய்விடும், காகிதம் கேட்கும்போது ஓடித் தேட வேண்டியிருக்கும். பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கு இரவில் ஒருமுறை போய் வாருங்கள். பகலில் நீங்கள் நுழையும் வாசல் ராத்திரியில் பூட்டியிருக்கலாம்.

அடுத்தது, திட்டம் மாறினால் என்ன செய்வது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேல் ஆஸ்பத்திரிக்கு, அதாவது அவசரப் பிரசவ சிகிச்சை தரும் சீமாங் மையத்துக்கு அனுப்புவதும் நடக்கும். அப்படி அனுப்பினால் அது தோல்வி இல்லை, சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள். ஒப்புதல் படிவத்தில் 18 வயது நிறைந்த பெண் தானே கையெழுத்துப் போடலாம். அவள் விருப்பம் என்ன என்று எட்டாம் மாதத்தில் கேளுங்கள், தியேட்டர் வாசலில் கேட்காதீர்கள். ரத்தம் கொடுக்க இரண்டு பேரைச் சொல்லி வையுங்கள், முந்தின இரவு குடிக்காதவர்களாக. கர்ப்பிணியின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் இன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் உடனிருக்க ஒரு பெண் துணையை அனுமதிப்பார்கள். என் விதி, அம்மா வேண்டாம். மகள் கத்துவதைப் பார்த்து அவரும் அழுவார். அக்காவோ அண்ணியோ சித்தியோ, தண்ணீர் கொடுத்து, இடுப்பைத் தேய்த்துவிட்டு, "மூச்சை விடு, விடு" என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்தவர் போதும்.

பிறந்ததும் சேனை, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், சிசேரியன் என்றாலும் முடிந்தவரை அப்படியே.

வண்டி விஷயம் கடைசி. 108-க்குக் கூப்பிடும்போது கோயில், ரேஷன் கடை என்று அடையாளம் சொல்லி, தெருமுனையில் ஒருவர் டார்ச்சோடு நிற்க வேண்டும். அது வரத் தாமதமானால் யார் கார்? "ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணினா எடுப்பீங்களாண்ணா?" என்று அவரிடம் நேரில் கேளுங்கள். பிறகு ஒருநாள் பத்து மணிக்குமேல் அதே காரில் ஆஸ்பத்திரிவரை போய், எத்தனை நிமிடம் ஆனது என்று பாருங்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் எந்த ரோட்டில் சுற்றிப் போவது என்பதையும் பீரோக் கதவில் ஒட்டிய அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.