கொலஸ்ட்ரால்: அளவு குறைந்த பிறகும் மாத்திரை எதற்கு?

உடம்பை ஆலயமாகப் போற்றச் சொன்னவர்கள் நம் முன்னோர்கள். ஆலயத்தில் திருப்பணி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கலாம். கூட்டிப் பெருக்குவது அன்றாடம் நடந்தாக வேண்டும். இன்று பிராகாரம் தூய்மையாக இருக்கிறது, இனித் துடைப்பம் தேவையில்லை என்று எவரும் சொல்வதில்லை. ஆனால், கொலஸ்ட்ரால் மாத்திரை விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் அப்படித்தான் சொல்கிறோம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூரில் மருந்தாளராகப் பணியாற்றியவன் நான். மருந்து வாங்க வரும் நம்மவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இது: "தம்பி, இரத்தம் சோதிச்சாச்சு, கொலஸ்ட்ரால் நல்லா இறங்கிடுச்சு. இனிமே எதுக்கு இந்த மாத்திரை?" கேட்டவர்களில் படித்தவர்களும் உண்டு, பாமரர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. அதற்குரிய விடையை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொலஸ்ட்ரால் என்பது யாது?

கொலஸ்ட்ரால் மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் பொருள். அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. ஒவ்வோர் உயிரணுவின் சுவருக்கும், சில ஹார்மோன்களுக்கும், பித்தநீருக்கும் அது தேவை. அதன் பெரும்பகுதியை நம் உடம்பே உற்பத்தி செய்கிறது. அதில் கல்லீரலின் பங்கு முக்கியமானது. சைவ உணவே உண்பவருக்கும், ஒல்லியாக இருப்பவருக்கும் கொலஸ்ட்ரால் கூடுவதற்கு இதுவே காரணம்.

கொழுப்பு இரத்தத்தில் கரையாது. ஆகவே அதைச் சுமந்து செல்லச் சில வாகனங்கள் இருக்கின்றன. எல்.டி.எல். என்னும் வாகனம் கொலஸ்ட்ராலை உடம்பெங்கும் கொண்டு செல்கிறது. அது மிகுந்துவிட்டால் இரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து தங்குகிறது. தண்ணீர்க் குழாயில் பாசி படிவது போன்றது இது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் சுவருக்கு உள்ளே ஒரு கொப்புளம் போல இது வளர்கிறது. பல ஆண்டுகள் வலியின்றி வளர்ந்து, ஒரு நாள் அதன் மேல்தோல் கிழிகிறது. அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. இருதயத்தில் நேர்ந்தால் அது மாரடைப்பு. மூளையில் நேர்ந்தால் பக்கவாதம். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பது கொலஸ்ட்ரால் விஷயத்தில் ஆறுதல் தரும் சொல் அன்று.

நமக்கு ஏன் கூடுதல் கவனம்?

சிங்கப்பூரில் 1950களின் முற்பகுதியில் செய்யப்பட்ட பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை டாக்டர் தி. ஜே. தனராஜும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1959ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இவரே பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் டீனாக விளங்கியவர். இருதய இரத்தக் குழாய் நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் பன்மடங்கு அதிகமாக இருந்ததை அந்த ஆய்வு காட்டியது. அதன் பின் வந்த ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன. நம்மவர்களுக்கு மாரடைப்பு இளம் வயதிலேயே வருவதும் கண்டறியப்பட்டுள்ளது. மரபு, நீரிழிவு, இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு ஆகியவை இதற்குத் துணை போகின்றன.

இன்னொன்றும் உண்டு. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே எல்.டி.எல். மிக அதிகமாக இருக்கிறது. தாய் தந்தையரில் ஒருவருக்கு இக்குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிங்கப்பூரில் 2025ஆம் ஆண்டில் இதற்கென்றே தேசிய மரபணுச் சோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. குடும்பத்தில் யாரேனும் ஐம்பது வயதுக்கு முன்பே மாரடைப்பால் காலமாகியிருந்தால், "விதி" என்று விட்டுவிடாமல் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதியுங்கள்.

மாத்திரை என்ன செய்கிறது?

இன்று பெரும்பாலோருக்கு முதலில் தரப்படுவது ஸ்டாட்டின் வகை மருந்து. சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்னும் பெயர்களை மருந்துப் பையில் பார்த்திருப்பீர்கள். ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து இவ்வகையின் முதல் மருந்தைக் கண்டுபிடித்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை இது மட்டுப்படுத்துகிறது. தன்னிடம் குறைந்துவிட்டதை உணர்ந்த கல்லீரல், இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.-ஐ அதிகமாக இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அளவு இறங்குவது இப்படித்தான்.

கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. மாத்திரை கல்லீரலின் இயல்பை மாற்றிவிடவில்லை. உட்கொள்ளும் வரை கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவு திரும்பிவிடும். அறிக்கையில் தெரியும் நல்ல எண் நோய் நீங்கியதற்குச் சான்று அன்று. மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சான்று.

பலன் எவ்வளவு? 1994ஆம் ஆண்டில் ஸ்கண்டிநேவிய நாடுகளின் ஆய்வொன்று வெளிவந்தது. இருதய நோயுள்ள 4,444 பேரை ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் உண்டவர்களில் எட்டுப் பேர். நூறு குடும்பங்களில் நான்கு குடும்பத் தலைவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள்.

பக்க விளைவு பற்றிய அச்சம்

தசை வலி சிலருக்கு வரும் என்பது உண்மை. ஆனால் பக்க விளைவு என்று சொல்லி நிறுத்திய 60 பேரை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு நடந்து, 2020ஆம் ஆண்டில் முடிவு வந்தது. அவர்கள் உணர்ந்த தொல்லையில் ஏறத்தாழ 90 விழுக்காடு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை உண்டபோதும் இருந்தது! ஆகவே வலி வந்தால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டின் மாற்றலாம், எசெட்டிமைப் சேர்க்கலாம், ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. கடுமையான தசை வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்களும், கருத்தரிக்க எண்ணுபவர்களும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

"இயற்கை மருந்து" என்று சிலர் சிவப்பு ஈஸ்ட் அரிசியை வாங்கி உண்கிறார்கள். அதில் இருப்பதும் லோவாஸ்டாட்டின் என்னும் ஸ்டாட்டின் சத்தே; அளவுதான் தெரியாது. மாத்திரையோடு சேர்த்து உண்பது ஆபத்து.

உணவும் அன்னதானமும்

எண்ணெய்ப் போத்தலில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. எல்.டி.எல்.-ஐ ஏற்றிவிடுவது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேலும், நெய்யில் பாதிக்கு மேலும், பாமாயிலில் ஏறக்குறையப் பாதியும் அதுவே. தேங்காய்ப் பால் கறியும், நாசி லெமாக்கும், நெய் சொட்டும் பரோட்டாவும் என்றாவது ஒரு நாள் போதும். பருப்பு, கீரை, ஓட்ஸ், பழங்கள் ஆகியவை அன்றாடம் இருக்கட்டும்.

அன்னதானத்திற்கு வாரி வழங்கும் உபயகாரர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். நெய்க்கும் எண்ணெய்க்கும் கொடுப்பதில் ஒரு பகுதியைக் காய்கறிக்கும், பருப்புக்கும், பழத்திற்கும் கொடுங்கள். பந்தியில் அமரும் முதியவர்களில் பலர் இருதய நோயாளிகள். பசியாற்றும் புண்ணியத்தோடு ஆயுளைக் காத்த புண்ணியமும் சேரும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. நாற்பதைக் கடந்தவர்கள் குறைந்தது மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

2. ஒருவருக்குச் சரியான அளவு இன்னொருவருக்குச் சரியாகாது. எல்.டி.எல். 2.9 என்பது நோயற்ற இளைஞருக்குப் போதுமானதாக இருக்கலாம். மாரடைப்பு வந்தவருக்கு மருத்துவர்கள் 1.4க்குக் கீழே கொண்டுவர முயல்கிறார்கள். உங்கள் இலக்கு என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. தமிழ்நாட்டில் பரிசோதித்த அறிக்கையில் அளவு வேறு கணக்கில் இருக்கும். அங்கே 100 என்றால் இங்கே ஏறத்தாழ 2.6.

4. நெஞ்சை அழுத்தும் வலி, கையிலோ தாடையிலோ பரவும் வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியவை கண்டால் "காற்றுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக் காத்திராமல் 995ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும்.

5. புகையை விடுங்கள், நாள்தோறும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களின் மருந்துப் பெட்டியை இன்று ஒரு முறை திறந்து பாருங்கள். போன மாதத்து மாத்திரை மீதமிருந்தால் கோபிக்காமல் காரணம் கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உடன் செல்லுங்கள். அனைவரும் நோயற்ற வாழ்வு பெற எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.