நரம்பின் மயலின் உறை தோன்றும் விதம்

தண்டுவடத்தினின்று புறப்பட்டுக் கை, கால் முதலிய உறுப்புகளை அடையும் நரம்புகள் வெளி நரம்புகள் எனப்படும். தசையை இயக்கும் தடித்த நரம்பிழைகளில் செய்தி வினாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்திற் செல்கிறது. உறையற்ற மெல்லிய இழைகளிலோ வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டரே செல்கிறது. இவ்வேற்றுமைக்குத் தலையாய காரணம், கொழுப்பும் புரதமும் சேர்ந்தமைந்த மயலின் என்னும் உறையாகும். இவ்வுறை எவ்வாறு உண்டாகிறது, அதனை உண்டாக்குமாறு ஆணையிடுவது எது என்பவற்றை இங்குக் காண்போம்.

வெளி நரம்புகளில் மயலினை ஆக்குவது ஷ்வான் உயிரணு. 1954-ஆம் ஆண்டில் பெட்டி கெரன் என்னும் அம்மையார், கோழிக் கருவின் நரம்புகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்து, ஷ்வான் உயிரணுவின் மேற்சவ்வே நரம்பிழையைப் பலமுறை சுற்றி மயலின் ஆகிறது எனக் காட்டினார். ஒரு பென்சிலின் மீது காகித நாடாவை இறுகச் சுற்றிக் காட்டினால், மாணவர்கள் இதனை எளிதில் உணர்வர். ஓர் உயிரணு ஒரே இழையின் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே உறையிடுகிறது.

எல்லா நரம்பிழைகளும் உறை பெறுவதில்லை. அங்ஙனமாயின், உறையிடுவதா வேண்டாவா என்று முடிவு செய்வது ஷ்வான் உயிரணுவா, நரம்பிழையா? 1976-இல் ஆல்பர்ட் அகுவாயோ குழுவினர், உறையற்ற நரம்பின் துண்டொன்றை உறையுள்ள நரம்போடு ஒட்டினர். உறை பெறும் இனத்தைச் சேர்ந்த இழைகள் அத்துண்டினுள் வளர்ந்தபோது, அதுவரை மயலின் ஆக்காதிருந்த ஷ்வான் உயிரணுக்கள் அதனை ஆக்கத் தொடங்கின. ஆகவே, ஆணை நரம்பிழையிலிருந்தே வருகிறது என்பது தெளிவாயிற்று.

அவ்வாணையைத் தாங்கி நிற்பது, நரம்பிழையின் மேற்பரப்பிலுள்ள நியூரெகுலின்-1 என்னும் புரதம். ஷ்வான் உயிரணுவின் சவ்விலுள்ள எர்ப்-பி2, எர்ப்-பி3 என்னும் ஏற்பிகள் இரண்டும் இணைந்து அதனை ஏற்கின்றன. செய்தி படிப்படியாக உட்கருவை எட்டுகிறது. அங்குக் கிராக்ஸ்-20 என்னும் புரதம், மயலின் ஆக்கத்திற்கு வேண்டிய ஜீன்களைத் தூண்டுகிறது. செய்தியின் அளவும் இன்றியமையாதது. எலிகளில் நியூரெகுலின் குறைந்தால் உறை மெலிகிறது என்றும், மிகுந்தால் தடிக்கிறது என்றும் 2004-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆய்வாளர்கள் கண்டனர்.

இவ்வறிவு களப்பணியாளருக்கும் பயன் தருவதாகும். தொழுநோய்க் கிருமி குடியேறும் இடங்களுள் முதன்மையானது ஷ்வான் உயிரணுவே. அக்கிருமி, நியூரெகுலின் துணையின்றியே எர்ப்-பி2 ஏற்பியை நேராகப் பற்றி, மயலினைச் சிதைக்கத் தூண்டுகிறது என 2006-இல் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. உறையை ஆக்குதற்கு அமைந்த வாயிலே அதனை அழிப்பதற்கும் வாயிலாகிறது என்க. நோயாளியின் உடலில், கிருமியை எதிர்த்து எழும் அழற்சியும் நரம்பைப் பெரிதும் கெடுக்கிறது.

கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். ஆயின், நெடுநாள் கெட்டுப்போன நரம்பை அது மீட்டுத் தராது. ஆதலின், உணர்ச்சியற்ற தேமல், சுண்டுவிரலில் வலுக்குறைவு, முழங்கையின் உட்புறத்தில் நரம்புத் தடிப்பு ஆகியவற்றைக் கண்டவுடன், அன்னாரை அரசினர் சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும். அங்கு மருந்து இலவசமாக அளிக்கப்படுகிறது. உணர்ச்சியோ வலுவோ குறைந்து 6 மாதத்திற்கு உட்பட்டதாயின், மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் பிரெட்னிசலோன் நரம்பைக் காக்கக்கூடும். காலந்தாழ்த்தின் அவ்வாய்ப்புக் குறையும். சுடுபாத்திரத்தைத் தொட்டும் சூடு உணராத கையில், புண்ணும் ஊனமும் தொடர்வது இயல்பு. கண்ணுக்குப் புலப்படாத இம்மெல்லிய உறையைக் காப்பது, ஒருவரது கையையும் அவர்தம் பிழைப்பையும் காப்பதாகும்.