பெரியப்பாவின் பயணப்பையில் ஒரு காற்று இயந்திரம்



சென்ற ஆண்டு என் பெரியப்பா தம் பூர்வீக ஊரைப் பார்க்க நாமக்கல்லுக்குப் புறப்பட்டார். பையில் வேட்டி, சட்டை, உறவினருக்கு வெள்ளைக் காப்பித்தூள் எல்லாம் அடுக்கியாயிற்று. கட்டிலருகே இருந்த ஒரு சிறு இயந்திரத்தை மட்டும் தொடவில்லை. “பத்து நாள்தானேம்மா. இது வீட்டிலேயே கெடக்கட்டும்,” என்றார்.

அந்த இயந்திரம் இல்லாமல் அவர் உறங்கக் கூடாது. ஏன்? அதை வெளிநாட்டுக்கு எப்படிக் கொண்டு செல்வது? இரண்டு கேள்விகளுக்கும் அறிவியலில் விடை இருக்கிறது.

குறட்டைக்குப் பின்னால்

சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் பெரியப்பா. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். லயத்து வீட்டில் அவர் விடும் குறட்டை அடுத்த வீட்டுக்கும் கேட்கும். “உழைச்ச உடம்பு, அசந்து தூங்குது,” என்றே எல்லாரும் நினைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து ஈப்போவில் செய்த உறக்கப் பரிசோதனையில்தான் அது ‘உறக்க மூச்சுத்தடை’ நோய் என்று தெரிந்தது.

நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் மென்தசைகளும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். மூச்சு 10 வினாடிக்கு மேல் நிற்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். உடனே மூளை உடலை ஒரு கணம் எழுப்பும், மூச்சு திரும்பும், மீண்டும் அடைக்கும். நோய் கடுமையானால் இது மணிக்கு 30 முறைக்கு மேலும் நடக்கும். காலையில் எழுந்தவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. பகல் முழுதும் தூக்கம் மட்டும் கண்ணைச் சொக்கும். நாளடைவில் இரத்த அழுத்தமும் உயரலாம்.

10 சென்டிமீட்டர் நீர்

இதற்கு உதவும் கருவிதான் சிபேப். 1980-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் காலின் சல்லிவன் இம்முறையை முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டே காற்றை ஊதச் செய்தார். மறு ஆண்டு, ஐந்து நோயாளிகளிடம் கண்ட முடிவுகளை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

சிபேப் நமக்காக மூச்சு விடுவதில்லை, ஆக்சிஜனும் தருவதில்லை. அறையில் உள்ள காற்றையே சற்று அழுத்தத்துடன் முகமூடி வழியே செலுத்துகிறது. காற்றடித்த பலூன் சுருங்காமல் நிற்பதுபோல, அந்த அழுத்தம் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கிறது.

பள்ளியில் நீங்கள் மலாயில் ‘தெக்கானான்’ என்று படிக்கும் அழுத்தம்தான் இது. சிபேப்பில் இதை ‘சென்டிமீட்டர் நீர்’ என்று அளக்கிறார்கள். பொதுவாக 4 முதல் 20 வரை இருக்கும். வளிமண்டல அழுத்தமோ சுமார் 1,033 சென்டிமீட்டர் நீர். ஆக, 10 என்பது அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான்.

செய்து பாருங்கள்: உயரமான குவளையில் நீர் நிரப்பி, உறிஞ்சுகுழலை 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து ஊதுங்கள். குமிழி வெளிவரத் தேவைப்படும் அழுத்தம் 10 சென்டிமீட்டர் நீர். அவ்வளவு சிறிய அழுத்தம் ஒருவரை இரவெல்லாம் நிம்மதியாக உறங்கச் செய்கிறது!

ஆனால் ஒன்று. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் பார்வை மங்குவதுபோல, சிபேப்பைக் கழற்றினால் அன்றிரவே அடைப்பு திரும்பிவிடும்.

மின்சாரம்: வடிவம் வேறு, அழுத்தம் வேறு

மலேசியாவிலும் இந்தியாவிலும் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஆனால் நம் பிளக்கில் மூன்று தட்டையான முனைகள். அங்கே உருண்டை முனைகள். இதற்கு ஒரு பயண அடாப்டர் போதும். அது வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். ஆகவே கருவியின் மின்வழங்கியில் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கவலையில்லை.

மின்கலம்: ஒரு பெருக்கல் கணக்கு

ஊரில் மின்தடை வந்தால் மின்கலம் வேண்டும். விமானத்தில் லித்தியம் மின்கலத்துக்கு வரம்பு உண்டு. 100 வாட்-மணி வரை கொண்டு போகலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்கு எளிது:

வாட்-மணி = வோல்ட் × ஆம்பியர்-மணி

12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி மின்கலம் என்றால் 96 வாட்-மணி. கருவி 12 வாட் இழுத்தால் 8 மணி நேரம் ஓடும். காற்றை ஈரமாக்கும் சூடேற்றியையும் சேர்த்து 48 வாட் இழுத்தால் 2 மணி நேரம்தான்! அதனால்தான் மின்கலத்தில் ஓட்டும்போது சூடேற்றியை அணைத்து வைக்கிறார்கள்.

உதிரி மின்கலத்தைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறையில் தீப்பிடித்தால் பணியாளர்கள் உடனே கண்டு அணைக்க முடியாது. சிபேப்பையும் கையோடு கொண்டு போவதே நல்லது. பெட்டி தொலைந்தால் அன்றிரவு உறக்கமும் தொலையும். மருத்துவர் கடிதம் ஒன்றும் உடனிருக்கட்டும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நீரும் உயரமும்

ஈரமாக்கியின் நீர்த்தொட்டியைப் பயணத்துக்கு முன் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நீர் மோட்டாருக்குள் புகுந்துவிடும். போன இடத்தில் காய்ச்சி வடித்த நீரை வாங்கி ஊற்றலாம். குழாய் நீரில் கரைந்துள்ள தாதுக்கள், வீட்டுக் கெண்டியில் படிவதுபோல் தொட்டியிலும் வெள்ளையாகப் படியும்.

கேமரன் மலை போன்ற உயரமான இடங்களில் காற்று அடர்த்தி குறைவு. அதே வேகத்தில் விசிறி சுழன்றால் அழுத்தம் குறைந்துவிடும். இன்றைய கருவிகள் பல இதை உணர்ந்து விசிறியின் வேகத்தைத் தாமே கூட்டிக்கொள்கின்றன.

பெரியப்பா என்ன செய்தார்?

அதற்கு முன் ஒருமுறை, பினாங்கில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக் கருவி இல்லாமல் போய் இரண்டு இரவு தங்கினார். திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஒரு கணம் கண் அயர்ந்தார். கார் ஓரக்கோட்டைத் தாண்டியது. பெரியம்மா போட்ட சத்தத்தில் விழித்தார். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நினைவூட்டினேன். பேசாமல் எழுந்து போய் இயந்திரத்தை எடுத்து வந்தார்.

குறட்டை விடும் எல்லாருக்கும் இந்நோய் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் யாராவது குறட்டையின் நடுவே மூச்சு நின்று, திணறி விழித்தால், அவருக்கே அது தெரியாது. பார்த்தவர் நீங்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிந்தியுங்கள்

1. 3.7 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பவர்பேங்க்கை அனுமதி கேட்காமல் விமானத்தில் கொண்டு போகலாமா?

2. 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சூடேற்றியை 240 வோல்ட்டில் செருகினால் அதன் திறன் எத்தனை மடங்காகும்?

விடை: 1. போகலாம், 74 வாட்-மணிதான். 2. நான்கு மடங்கு, மின்தடை மாறாவிட்டால் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். சூடேற்றி கருகிவிடும்.