இசைக்குழுக்களும் இசைக்கருவிகளும்



கோயில் திருவிழாவிலும் திருமண மண்டபத்திலும் நாம் இசை கேட்கிறோம். ஆயினும், அவ்விசையை எழுப்பும் கருவிகள் எவை, அவை ஏன் ஒன்றுசேர்ந்தன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதனை இங்கு ஆராய்வோம்.

நம் முன்னோர் இசைக்கருவிகளை நான்காக வகுத்தனர். தோல் போர்த்தியவை தோற்கருவிகள், துளைவழிக் காற்றினால் ஒலிப்பவை துளைக்கருவிகள், நரம்போ கம்பியோ அதிர்ந்து ஒலிப்பவை நரம்புக்கருவிகள், உலோகத்தாலானவை கஞ்சக்கருவிகள். மத்தளம், புல்லாங்குழல், வீணை, தாளம் ஆகியன முறையே இவற்றுக்குச் சான்றாகும். ஒரு குழுவில் எவை சேர வேண்டும் என்பதை, அக்குழு வாசிக்கும் இடமே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

1. நாதசுரக் குழு

சுவாமி ஊர்வலம் திறந்த வெளியில் நடப்பது. எனவே, நெடுந்தொலைவு கேட்கும் கருவிகள் தேவை. ஆச்சா மரத்தில் கடைந்த நாதசுரம், சீவாளியின் வழியே ஊதப்பட்டு ஓங்கி ஒலிக்கும். பலா மரத்தைக் குடைந்து செய்த தவிலை, ஒரு கையில் கோல் பிடித்தும், மறு கை விரல்களில் கூடு அணிந்தும் முழக்குவர். சுருதிக்கு ஒத்தும், காலக் கணக்கிற்குத் தாளமும் உண்டு. இக்காலத்தில் ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது.

2. கருநாடக இசைக் கச்சேரி

இது மண்டபத்துள் அமர்ந்து கேட்பது. பாடகர் முதன்மையானவர். வயலின், மிருதங்கம், தம்புரா ஆகியன துணை நிற்கும். கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகியனவும் சேர்வதுண்டு. ஐரோப்பிய வயலினை நம் இசைக்குப் பழக்கிய முன்னோடிகளுள் ஒருவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858).

3. உறுமி மேளம்

தைப்பூசத்தன்று காவடியுடன் நடந்து செல்லும் குழு இது. உறுமி இடை சிறுத்தது. அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, உறுமும் ஓசை எழும். மறு முகத்தை அடித்து முழக்குவர். பம்பை முதலியனவும் இதனுடன் சேரும்.

4. கமெலான்

இது திரங்கானு அரண்மனையில் வளர்ந்த மலாய் இசை. சாரோன், கெரோமோங், கெனோங், கொங் எனப் பெரும்பாலும் கஞ்சக்கருவிகள். கெண்டாங் மட்டும் தோற்கருவி. ஒரு தொகுதியின் கருவிகள் அனைத்தையும் ஒன்றாகவே சுருதி சேர்த்துச் செய்வதால், ஒன்றைப் பிரித்து வேறு தொகுதியில் சேர்த்தல் இயலாது.

இனி, நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. நாதசுரம் உயர்ந்தது, தப்பு தாழ்ந்தது என்று நம்மிடையே சிலர் கருதுகின்றனர். நால்வகைப் பகுப்பில் அவ்வேற்றுமை இல்லை. தவிலும் தோற்கருவியே; தப்பும் தோற்கருவியே. பழந்தமிழர் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்குக் கிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என ஐவகை நிலத்திற்கும் பறை வைத்துப் போற்றினர். அம்மரபில் வந்த தப்பை இழிவென ஒதுக்குதல் முறையாகுமா?

மற்றொன்று, ‘ஒத்து ஊதுகிறான்’ என்று பிறரை எள்ளி நகையாடுகிறோம். ஆனால், ஒத்து நின்றால் சுருதி போகும். தாளம் தவறினால் குழுவே குலையும். ஆகவே குழுவில் சிறிய பணி என்று ஒன்றில்லை.

பெற்றோரே! உங்கள் பிள்ளை தவிலையோ தப்பையோ உறுமியையோ கற்க விரும்பினால், ‘படிப்புக் கெடும்’ என்றும் ‘அது நமக்குத் தகாது’ என்றும் தடுக்க வேண்டா. பள்ளிப் பாடம் முடிந்தபின் ஒரு மணி நேரம் பயிலட்டும். கற்பார் இல்லையெனில், நாளை நம் கோயில் திருவிழாவில் பதிவு செய்த இசை மட்டுமே ஒலிக்கும்.