ஒன்றரை ஷிப்டுக்கு என்ன கூலி?

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஆர்டர் அவசரமென்றால் ராத்திரி எட்டரை வரை ஓ.டி. அதற்கும் பகல் கணக்குக் கூலிதான். கேட்டால், "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்கிறார் சூப்பர்வைசர். நான் கேட்டது தவறா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தவறே இல்லை, சகோதரி. ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவே சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இது மாறவில்லை, ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதமும் வேண்டும். கொரோனா காலத்தில் குஜராத் அரசு இந்த இரட்டிப்புக்கு விலக்குக் கொடுத்தது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. நாடே முடங்கிக் கிடந்தபோதும் பறிக்க முடியாத உரிமையை ஒரு ஷிப்மென்ட்டுக்காக நீங்கள் ஏன் விடவேண்டும்? நாளெல்லாம் நின்று களைத்த உடம்பிலிருந்து வாங்கும் வேலைக்குத்தான் அந்த இரட்டிப்பு.

நம்பிக்கை வேண்டுமென்றால் அவர்கள் கணக்கைக் காட்டட்டும். வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் நோட்டில் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டில் ஓ.டி.யைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். கேட்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். கூட வேலை பார்ப்பவர்களோடு, சங்கம் இருந்தால் சங்கத்தோடு போங்கள். அப்படியும் மறுத்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் எழுதிப் புகார் கொடுங்கள்.